ஏழு பெண் முயலும் ஓர் ஆணும்

ஒரு பிள்ளையின் விலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். ஊசி மருந்து தனி. பிள்ளை கிடைக்கும் என்று எழுதியெல்லாம் தரமாட்டார்கள். திருநெல்வேலியில் கருத்தரிப்பு ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருந்த பெண் சிரிப்பு மாறாமல் இதைச் சொன்னபோது, செந்தூர்வேல் தன் வழக்கப்படி முகத்தைச் சுளித்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவன் அவன். எழுந்தால் திரும்பக் கூப்பிடுவார்கள் என்பது பரம்பரையாக வந்த அனுபவம். அந்தப் பெண்ணும் கூப்பிட்டாள், அடுத்த டோக்கனை.

அவன் மறுபடி உட்கார்ந்தான்.

“மூணு கரு எடுத்தா ஒண்ணுக்கு என்ன விழும்மா? மொத்தமா எடுத்தா தள்ளுபடி உண்டும்லா?”

“சார், இங்க பேரம் கிடையாது.”

“பேரம் இல்லாத யாவாரமா?”

பக்கத்தில் இருந்த அவன் பெண்டாட்டி இசக்கிசெல்வி அவன் தொடையில் கிள்ளினாள். அன்றைக்கு மட்டும்தான் அவள் அந்த மாடியில் சிரித்தது.

ஆறுமுகநேரியில் அவன் பங்குக்கு வந்த உப்பளத் துண்டு போயிற்று. அவள் கழுத்தில் கிடந்தது போய் மஞ்சள் கயிறு வந்தது. கரு மூன்று கிடைத்தன. முதலாவது ஒட்டவே இல்லை. இரண்டாவது ஏழு வாரம் இருந்துவிட்டுப் போயிற்று. மூன்றாவதை ஆஸ்பத்திரியில் உறையவைத்து வைத்திருந்தார்கள். டிசம்பர் முடிய வாடகை கட்டியிருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க இன்னும் நாற்பத்தைந்தாயிரம். இனி ஒருமுறை முதலிலிருந்து தொடங்க விற்பதற்கு எதுவும் இல்லை. அவளுக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. ஆக, இருந்தது அந்த ஒன்றுதான்.

குறை யாரிடம் என்பது பதினோரு வருஷத்துக்கு முன்னேயே, தூத்துக்குடியில் முதல் டாக்டரம்மாவிடம் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அவளிடம் ஒன்றுமில்லை. அவனிடம்தான் விந்தணு எண்ணிக்கை போதவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கையில் அவன் அக்கா பிரேமா போனில் கேட்டாள். “அவளுக்குக் கொஞ்சம் நீர்க்கட்டி இருக்காம்” என்றான். தன் சரக்கில் இருக்கிற சொத்தையை எந்த வியாபாரி வாய்விட்டுச் சொல்வான்? இசக்கிசெல்வி பக்கத்தில்தான் நின்றாள். அவள் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான். அக்காவின் வாயிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து சடங்கு வீடுகளுக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்தது. வளைகாப்பு வீட்டில் அவள் பின்வரிசையில் உட்காரப் பழகிக்கொண்டாள்.

கடையும் முன்போல் இல்லை. வெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் மூன்றாவது தட்டுவரை ஏறி, சீனி மூட்டைகளெல்லாம் வெறும் சாக்காகிப் போயின. அதிலிருந்து நிமிர்வதற்குள் மெயின் ரோட்டில் குளிர்சாதனம் போட்ட கடை ஒன்று வந்து உட்கார்ந்தது. கைமாற்றுக் கேட்க இனி ஒரு வாசல் பாக்கியில்லை. அப்போதுதான் சிலுவை வந்தான்.

சிலுவை பெரியதாழைக்காரன். மீன்பிடிக்கப் போய்க் கடலில் இடுப்பு போனபிறகு வீட்டிலேயே முயல் வளர்க்கிறான். அதற்குத் தீனியாகக் கம்பு வாங்கச் செந்தூர்வேல் கடைக்கு வருகிறவன். மூன்று மாதத்தில் ஒரு குட்டி இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடும், கிறிஸ்துமஸுக்குக் கேட்ட விலை கிடைக்கும் என்றான். செந்தூர்வேலின் காது நிமிர்ந்தது.

“பத்து உருப்படி ஒரு யூனிட்டு அண்ணாச்சி. ஏழு பெண்ணு, மூணு ஆணு.”

“மூணு ஆணு என்னத்துக்குலே?”

“அது அப்படித்தான். ஏழு பெண்ணுக்கு மூணு வேணும்.”

“குட்டி போடப் போறது பெண்ணு. இவனுவ மூணு பேரும் உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கதுக்கா? என் கடையில நானே ஒத்தையாத்தான் நிக்கேன். ரெண்டு ஆணக் கழி. வெலையையும் கழி.”

“ஒத்தை ஆணுக்குச் சொகமில்லாமப் போச்சுன்னா என்ன செய்விய?”

“போகும்போது பாப்போம்.”

சிலுவை இசக்கிசெல்வியைப் பார்த்தான். அவள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “அவுக கேக்க மாட்டாக. குடுங்கண்ணே” என்றாள். ஆயிரத்து அறுநூறு ரூபாய் மிச்சம் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் செந்தூர்வேல் அன்று சிலுவைக்குத் தன் செலவில் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தான். புதுக்கோட்டையில் அதைப் பார்த்தவர்கள் ரொம்ப நாள் பேசினார்கள்.

கடைக்குப் பின்னால் வேப்பமரத்துக்கும் கக்கூசுக்கும் நடுவில் கொட்டகை எழுந்தது. வெள்ளத்தில் துருப்பிடித்த கடைத் தட்டுகளின் இரும்புச் சட்டங்களை அறுத்துக் கால் நாட்டி, கம்பிவலை அடித்து, எட்டு அறையாகக் கூண்டு கட்டினான். மேலே ஓலை போடச் சொல்லியிருந்தான் சிலுவை. “ஓலையை வருஷா வருஷம் மாத்தணும். தகரம்னா ஒரே செலவு” என்று பழைய சரக்குக் கிட்டங்கித் தகரத்தை எடுத்துப் போட்டான்.

வேலையெல்லாம் அவள் தலையில் விழுந்தது. விடிந்ததும் கூண்டுக்கு அடியில் புழுக்கையைக் கூட்டி அள்ள வேண்டும். மூத்திர நாற்றம் கண்ணில் அடிக்கும். தண்ணீர் விட்டுக் கழுவி, சுண்ணாம்பு தூவ வேண்டும். காய்கறிக் கடையில் உரித்துப்போடும் முட்டைக்கோஸ் தழையைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வருவாள். முருங்கையும் அகத்தியும் கேட்டு வாங்குவாள். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிப் போகிற லாரிகள் பறக்கவிடும் கரி எல்லா இலையிலும் படிந்திருக்கும். ஒவ்வோர் இலையாகக் கழுவி, சாக்கில் பரப்பி, ஈரம் போகக் காயவைத்துத்தான் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் முயலுக்கு வயிறு உப்பிவிடும். மத்தியானம் இரண்டு மணிக்குக் காய்ந்த இலையோடு அவளும் காய்ந்துபோய்ச் சோற்றுக்கு வருவாள். நேற்று வைத்த சாளை மீன் குழம்பும் கஞ்சியும்.

இணை சேர்க்கப் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும்; ஆணைக் கொண்டுபோனால் பெண் கடித்துக் குதறிவிடும். காதையும் பிடரியையும் சேர்த்துப் பிடித்து, அடிவயிற்றில் கை கொடுத்து, ஒவ்வொன்றாக அவள் தூக்கிப்போனாள். ஆண் ஏறிய வேகத்தில் மூட்டை இறக்கினவன் மாதிரிப் பக்கவாட்டில் தொப்பென்று விழுந்தது.

“நம்மாளு கெட்டிக்காரன்” என்றான் செந்தூர்வேல்.

“விழுதவனெல்லாம் கெட்டிக்காரன்னா இந்த ரோட்டுல பாதிப் பேரு கெட்டிக்காரன்தான்.”

முப்பது நாளில் குட்டி வரவேண்டும். வரவில்லை. மறுபடி சேர்த்தார்கள். சித்திரை போய் வைகாசி வந்தது. தகரம் சுட்டுப் பழுத்தது. முயல்கள் காதைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. ஒரு நாள் மூன்றாவது அறையில் இருந்த பெண் முயல் தன் நெஞ்சு மயிரை வாயாலேயே பிடுங்கிப் போட ஆரம்பித்தது. குட்டி போடுவதற்கு முன்னால் முயல் செய்கிற வேலை அது. இசக்கிசெல்வி ஓடிப்போய்ப் பெட்டியில் தேங்காய் நாரைப் போட்டு வைத்தாள். வெளிச்சம் படாமல் சாக்கைத் தொங்கவிட்டாள். அது நார் மேல் வெள்ளை மயிரைப் பரப்பி மெத்தை மாதிரி செய்தது. நெஞ்சில் சிவப்புத் தோல் தெரிந்தது. நாலு நாள் கழித்து அவள் மெல்ல விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள். மயிர்தான் இருந்தது.

அவள் பெட்டியை எடுக்கவில்லை. அது பாட்டுக்கு அதில் போய் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது. செந்தூர்வேல் வந்து எட்டிப் பார்த்தான்.

“ஏழும் மலடு. பெரியதாழைக்காரன் கழிசலையெல்லாம் நம்ம தலையில கட்டிட்டான். இந்தா, இன்னைக்கே வரச் சொல்லுதேன் அவன.”

சொன்னபிறகுதான் என்ன சொல்லைச் சொன்னோம் என்று தெரிந்தது. அவள் சாக்கில் இலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

சிலுவை மறுநாள் மொபெட்டில் வந்தான். ஏழு பெண்ணையும் பார்க்கவில்லை. நேரே ஆண் முயலைத் தூக்கி மல்லாத்திப் பின்காலுக்கு நடுவில் விரலால் தடவிப் பார்த்தான். பிறகு தகரத்தை அண்ணாந்து பார்த்தான்.

“பெண்ணுவ மேல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. இவன்தான். தகரத்து வெக்கையில இவனுக்கு வெதை சுண்டிப் போச்சு. ஏறுவான், எறங்குவான், உள்ள சத்து இருக்காது. இதுக்குத்தான் மூணு ஆணு வேணும், ஓலை போடணும்னு சொன்னது. ஆணுல கொறைய வச்சிக்கிட்டுப் பெண்ணுவளப் போட்டு என்னத்துக்கு ஏசுதிய?”

இசக்கிசெல்வி சிரித்தாள். முதலில் மூக்கால் வந்தது, பிறகு வாயை முந்தானையால் பொத்தினாள், பிறகு பொத்தவும் முடியாமல் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அண்ணே, இன்னொரு மட்டம் சொல்லுங்க. நல்லா சத்தமாச் சொல்லுங்க.”

“என்னத்துக்குத் தங்கச்சி?”

“சும்மாதாண்ணே. கேக்கதுக்கு நல்லா இருக்கு.”

கடையில் யாரோ கூப்பிட்டதுபோல் செந்தூர்வேல் உள்ளே போனான். கடையில் யாரும் இல்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கு அவனைக் கேட்காமலே அவள் கடையிலிருந்து இரண்டு மூட்டை கம்பைச் சிலுவை மொபெட்டில் ஏற்றிவிட்டாள். பதிலுக்கு இன்னோர் ஆண் முயல் வந்தது. தகரத்துக்கு மேல் ஓலை வந்தது. உச்சி வெயிலில் சுற்றிலும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டாள். செந்தூர்வேல் எதற்கும் கணக்குக் கேட்கவில்லை. அவன் வாழ்க்கையில் அது புதுசு.

ஆவணி பிறக்கிற நேரத்தில் கொட்டகையில் குட்டிகள் பிறந்தன. ஒரு பெட்டியில் ஏழு, இன்னொன்றில் ஐந்து, மூன்றாவது அறையில் இருந்தது எட்டுப் போட்டது. உரித்த பனங்கிழங்குபோல் மயிரில்லாமல், கண் மூடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மொத்தம் நாற்பத்து மூன்று. மூன்று போக நாற்பது தங்கின. அந்த மூன்று மாதமும் அவள் வாய் ஓயவில்லை. முயலோடு பேசினாள், அவனோடும் பேசினாள். சாயங்காலம் உப்பங்காற்று வந்து கொட்டகையைத் தணிக்கிற நேரத்தில் இருவரும் அங்கேயே உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

“மூணாவது தங்கும்னு எனக்குத் தோணுது” என்றாள் ஒரு நாள். எந்த மூணாவது என்று அவன் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த ஸ்கேனில், கர்ப்பப்பை இதற்கு முன் இவ்வளவு நன்றாகத் தயாரானதே இல்லை என்று சொன்னார்கள். டிசம்பரில் ஒரு வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். கையில் பதினைந்தாயிரம் இருந்தது. இன்னும் வேண்டியது முப்பது.

பத்து நாள் முன்னதாக பிளாரன்ஸ் வந்தாள். மட்டக்கடைப் பக்கம் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவள். கிறிஸ்துமஸ் விருந்து நாலைந்து கைவசம் இருந்தது. கூண்டு கூண்டாகக் குனிந்து, முதுகெலும்பைத் தடவிப் பார்த்தாள்.

“நல்லா வளத்திருக்கிய. நாப்பதையும் எடுத்துக்கிடுதேன். உசுரெடை கிலோ முந்நூத்தம்பது. எண்பத்தாறு கிலோ தேறும்.”

முப்பதாயிரத்து நூறு. கணக்கு செந்தூர்வேல் தலைக்குள் கல்லில் வெட்டினாற்போல் விழுந்தது. பின்னால் இசக்கிசெல்வி மூச்சை இழுத்ததும் கேட்டது. சரி என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவன் முகம் தானாகவே சுளித்தது.

“நானூறுன்னா பேசலாம்க்கா.”

“முயலுக்கா? ஆட்டுக்குட்டிக்கா?”

“வளத்த பாட்டப் பாருங்க.”

“நானும் பாட்டுலதான் இருக்கேன் அண்ணாச்சி. யோசிச்சு வைங்க. நாயித்துக்கெழமை பூசை முடிஞ்சி ஒரு எட்டு வாரேன், இல்லன்னா திங்கக்கெழமை.”

அவள் ஆட்டோ தெரு முனை திரும்பியதும் இசக்கிசெல்வி கிட்டே வந்தாள்.

“முந்நூத்தம்பதே நமக்குச் சரியா வருதுல்லா?”

“ஏளா, மொத வெலைக்கே தலையாட்டினா சரக்குல சொத்தைன்னு நெனைப்பா. வருவா பாரு.”

“உங்களுக்குத் தெரியாத சொத்தையா?” என்று சொல்லிவிட்டு அவள் தழைச் சாக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை அவள் ஸ்கேனுக்குத் திருநெல்வேலி போனாள். போகும்போதே வானம் இருண்டு தொங்கியது. “ஈரத் தழை போட்டுறாதிய. காஞ்சது இல்லன்னா பட்டினி போடுங்க. ஒரு நா பட்டினியில சாவாது” என்று மூன்று தடவை சொன்னாள். மத்தியானத்திலிருந்து மழை. நின்று பெய்த மழை. ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பாளையங்கோட்டையில் சித்தி மகள் வீட்டில் தங்கிக்கொண்டதாகப் போன் வந்தது.

ஞாயிறு காலையில் முயல்கள் பசியில் கம்பியைக் கடித்தன. அந்தச் சத்தம் கடைவரை வந்தது. தழை இல்லை. கடையின் அடித்தட்டில் கடலைப் பிண்ணாக்கு ஒரு மூட்டை கிடந்தது. ஓரம் நனைந்து பச்சையாய்ப் பூசணம் பிடித்திருந்தது. இனி விற்க முடியாது, எறியவும் மனம் வராது. செந்தூர்வேல் அதைப் பார்த்தபடி நின்றான். வியாபாரி மூளை தன் வேலையைச் செய்தது: இன்றைக்கோ நாளைக்கோ பிளாரன்ஸ் தராசோடு வருவாள், வயிறு நிறைந்த முயல் எடை கூட நிற்கும். ஈரத் தழைதான் ஆகாது என்றாள், பிண்ணாக்கு ஆகாது என்று சொல்லவில்லையே. பூசணத்தை அரிவாள்மனையில் சுரண்டிவிட்டு, உடைத்து, நாற்பது குட்டிகளுக்கும் தாராளமாகப் போட்டான். பெரிய முயல்களுக்குப் போடவில்லை. விற்பனைக்கு இல்லாததற்கு எதற்கு வீணாக?

மாலையிலேயே ஒன்றிரண்டு மூலையில் சுருண்டு பல்லை நறநறவென்று கடித்தன. வயிறு மத்தளம்போல் உப்பியது. அவன் சிலுவைக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. சுக்கு கரைத்து வாயில் விட்டுப் பார்த்தான். திங்கட்கிழமை மத்தியானம் மழை வெறித்து ஓய்ந்தபோது முப்பத்தெட்டைச் சாக்கில் வரிசையாகக் கிடத்தியிருந்தான். மிச்சம் இரண்டும் தலை தொங்கி நின்றன.

அவள் வந்தாள். முழங்கால்வரை சேலை நனைந்திருந்தது. சாக்கைப் பார்த்தாள். கூண்டிலிருந்து பிண்ணாக்குத் துண்டு ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

“ஸ்கேன்ல என்ன சொன்னாவ?” என்று கேட்டான். கேட்க வேறு எதுவும் தெரியவில்லை.

“எல்லாம் நல்லா இருக்காம்.”

வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. பிளாரன்ஸ் தொங்குதராசும் கூடையுமாகப் பக்கவழியில் வந்தாள். வரும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தாள்.

“செயிச்சிட்டிய அண்ணாச்சி! நானூறு தந்துருதேன். மழையில எங்கயும் உருப்படி இல்ல...”

சாக்கைப் பார்த்ததும் நின்றாள். நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். ஆட்டோக்காரனும் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். அடுத்த வீட்டுச் சுடலைச்செல்வியின் தலையும் மதிலுக்கு மேல் வந்தது. பிளாரன்ஸ் நல்லவள், மனசு தாங்காமல் இசக்கிசெல்வியின் தோளைத் தொட்டாள்.

“அழாத தாயி. என்ன செய்ய, சில பேரு கை அப்படி. புள்ள தங்காத வயிறு, இந்த வாயில்லாத குட்டி மட்டும் எப்படித் தங்கும்? உன் ராசி...”

இசக்கிசெல்வி அழவில்லை. அவள் செந்தூர்வேலைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை. அவனுக்கு வாய்க்குள் வாக்கியம் இருந்தது. நாலே சொல்: குறை அவளுக்கு இல்லை, எனக்கு. விலை ஒன்றுமில்லை, கேட்க மூன்றே பேர். பதினோரு வருஷமாக அடுக்கிவைத்த சரக்கு. அடியில் ஒன்றை உருவினால் எல்லாம் சரியும்.

“மழைதாங்க்கா காரணம்” என்றான்.

அவள் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

“அக்கா, பெருசு ஒம்பது நிக்கி. ஏழு பெண்ணு, ரெண்டு ஆணு. எடுத்துக்கிடுங்க.”

“தாய் முயலையா? அத வச்சு மறுபடி...”

“எடுத்துக்கிடுங்கக்கா.”

“சரி, நானூறு போட்டுத் தாரேன்.”

“வேண்டாம். நீங்க மொத சொன்ன வெல போதும்.”

ஒவ்வொன்றாக அவளே காதையும் பிடரியையும் சேர்த்துப் பிடித்து, அடிவயிற்றில் கை கொடுத்துக் கூடையில் இறக்கினாள். மூன்றாவது அறையில் இருந்தது அவள் கையை நக்கியது. முப்பத்திரண்டு கிலோ நின்றது. பதினோராயிரத்து இருநூறு. ஆட்டோ போனபோது மிச்சமிருந்த இரண்டு குட்டிகளும் சாய்ந்துவிட்டிருந்தன. வேப்பமரத்திலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது.

செந்தூர்வேல் மெல்ல வந்தான். “ஏளா, கடை பிரிஜ்ஜக் குடுத்தா இருபது தேறும். கையில பதினஞ்சு இருக்கு. இதையும் சேத்தா வியாழக்கெழமைக்குச் சரியா வந்துரும். மேல ஆயிரமே மிஞ்சும்.”

அவள் போனை எடுத்தாள்.

“நான் இசக்கிசெல்விம்மா, புதுக்கோட்டை. வியாழக்கெழமை வரல... இல்லம்மா, துட்டு இருக்கு. அடுத்த மாசமும் வேண்டாம். உறைய வச்சிருக்க அந்த ஒண்ண எடுத்து எறிஞ்சிருங்க. கையெழுத்துக்கு என்னைக்கு வரணும்னு சொல்லுங்க... ஆமா, அவுகளும் வருவாக.”

“ஏளா! உனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? கணக்கு வந்துட்டுன்னு சொல்லுதேன்...”

“கணக்கா? நான் சொல்லுதேன், சரியான்னு பாருங்க.” ஓரமாய்க் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். “முயலு வாங்குனது எட்டு, கம்புக்கு வந்தது ஒண்ணு. வித்தது ஒம்பது. சரியாப் போச்சு. பொறந்தது நாப்பத்திமூணு. முன்ன பொதச்சது மூணு, இன்னைக்குப் பொதைக்கப் போறது நாப்பது. அதுவும் சரியாப் போச்சு. கரு மூணு. ஒண்ணு ஒட்டல, ஒண்ணு ஏழு வாரம், ஒண்ணு வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறோம். அதுலயும் மிச்சம் இல்ல. மலடிங்கிற பேரு பதினோரு வருசம். கடனா வாங்குனது நீங்க, கட்டுனது நானு. அது ஒண்ணுதான் உங்க பாக்கி.”